டப்பாவைக் குலுக்கும் முன் வானத்தைப் பாருங்கள்

மினியேச்சர் பஸ் செய்யும் எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் பற்றிச் சில விவரங்கள்

கொழிஞ்சாம்பாறையில் கால் மணி நேரத்தில் உலர்ந்துவிடும் சிவப்பு, ஆடி மாதம் மூணாறில் அடித்தால் மேலே பால் தெளித்தது போல வெளுத்துப் போகிறது. டப்பா ஒன்றே, கம்பெனி ஒன்றே, வாங்கிய கடையும் ஒன்றே. பெயிண்ட் போலிச் சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கடைக்காரர் மேல் தவறில்லை, டப்பா மேலும் தவறில்லை. தவறு, அடித்த நாளின் மேல்.

கேரளத்தில் மினியேச்சர் வாகனங்கள் செய்யும் மோகம் கடந்த சில ஆண்டுகளாக வெகுவாகப் பரவியிருக்கிறது. 2020-ல் கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகள் பலர் கத்தியையும் பசையையும் கையில் எடுத்தார்கள். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ், டூரிஸ்ட் பஸ், தடி ஏற்றிய லாரி, ஜீப் என்று ஃபோம் ஷீட்டிலும் மல்டிவுட்டிலும் வெட்டி ஒட்டி, கதவு திறந்து மூடுகிற அளவுக்குச் செய்துவிடுகிறார்கள். தமிழர்கள் மிகுதியாக வாழும் சித்தூர் தாலுகா கிராமங்களுக்கும், தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளுக்கும் இந்த ஆசை வந்து சேர்ந்திருக்கிறது. இங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வசதி. இரண்டு மாநில பஸ்களையும் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும் பொறுமையின் வேலை. கை தவறினால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். பெயிண்ட் அப்படி அல்ல. இரண்டு மாத உழைப்பைப் பத்தே வினாடியில் குட்டிச்சுவராக்கும் வல்லமை அந்தச் சிறிய பொத்தானுக்கு இருக்கிறது. அதோடு, ஒரு டப்பாவின் விலை தோட்டத் தொழிலாளி வீட்டில் ஒரு நாள் கூலியின் பெரும்பங்கை விழுங்கக்கூடியது. பெயிண்டை வீணாக்காமல் இருப்பதற்கும், அதைவிட முக்கியமாக வீட்டில் தீப்பிடிக்காமல் இருப்பதற்கும், விஷயம் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

எந்த டப்பா?

ஸ்பிரே டப்பாவுக்கு வயது அதிகமில்லை. 1949-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் சீமோர் என்ற பெயிண்ட் வியாபாரி, அலுமினிய வர்ணத்தைக் காட்டுவதற்காக அதை டப்பாவில் அடைத்து வாயு அழுத்தத்தில் பீய்ச்சினார். யோசனை அவருடைய மனைவியுடையது என்பார்கள். டப்பாவுக்குள் இருப்பவை மூன்றே. வர்ணம், அதைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர், இரண்டையும் வெளியே தள்ளும் வாயு. குலுக்கும்போது கடகடவென்று கேட்பது, அடியில் படிந்த வர்ணத்தைக் கலக்கும் குண்டு. அந்தத் தள்ளும் வாயு இன்று பெரும்பாலும் நம் அடுப்பு சிலிண்டரில் இருக்கும் வாயுவின் இனத்தைச் சேர்ந்தது. இதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கார், பைக் கீறல்களுக்கு அடிக்கும் 400 மில்லி டப்பா. இவை லாக்கர் இனம். பட்டறைக்காரர்கள் ‘டூகோ’ என்றும் ‘என்.சி.’ என்றும் பேசுவதற்கு நெருங்கிய உறவு. தின்னர் ஆவியானவுடன் உலர்ந்துவிடும். இரும்புக் கதவு, கேட் இவற்றுக்கு அடிக்கும் எனாமல் டப்பாவும் கிடைக்கிறது. அது காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகுவது. தொட்டால் ஒட்டாமல் இருக்கப் பல மணி நேரம், முழுக்க இறுகப் பல நாள் ஆகும். மூன்றாவதாக, மாடல் செய்பவர்களுக்கென்றே ஜப்பானின் தாமியா போன்ற கம்பெனிகள் தயாரிக்கும் 100 மில்லி டப்பா. துளி மிக நுண்மையானது, படலம் மெல்லியது, வர்ணம் அச்சாக அமையும். ஆனால் கால்வாசி அளவுக்கு, உள்ளூர் டப்பாவைவிட அதிக விலை. ஆரம்பப் பாடம் படிக்கிறவருக்கு அது தேவையில்லை என்றே சொல்லலாம். பெட்டியில் வாங்கிய பிளாஸ்டிக் விமானம், நுண்ணிய ஆணித் தலைகள் உள்ள ரயில் எஞ்சின் என்றால் அந்தச் செலவுக்கு நியாயம் உண்டு.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. உண்மையான பஸ்ஸில் 20-ல் ஒரு பங்கு அளவில் மாடல் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 11 மீட்டர் பஸ் 55 சென்டிமீட்டர் ஆகும். அதன் மேல் பெயிண்ட் கால் மில்லிமீட்டர் தடிமனாகப் படிந்தால், நிஜ பஸ் மேல் 5 மில்லிமீட்டர் தார் பூசியதற்குச் சமம். ஜன்னல் விளிம்பும் கதவு இடுக்கும் எங்கே தெரியும்? அளவு சிறுக்கச் சிறுக்கப் படலமும் மெலிய வேண்டும். 55 சென்டிமீட்டர் பஸ் இதைத் தாங்கும். 87-ல் ஒரு பங்கு அளவுள்ள ரயில் பெட்டி தாங்காது.

இன்னொரு கணக்கும் பார்க்கலாம். அந்த பஸ்ஸின் அகலம் 12.5, உயரம் 16 சென்டிமீட்டர். இரு பக்கம், முன், பின், கூரை எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 2,850 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிறத்துக்கு ஒரு டப்பா தாராளமாகப் போதும், மிச்சமும் இருக்கும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டிரண்டாக வாங்குவது வீண்.

நிறத்தைப் பார்க்கும் முன் எதன் மேல் அடிக்கப் போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். தெர்மோகோல் மேல் லாக்கர் பட்டால் வெயிலில் வைத்த ஐஸ் போலக் குழிந்து கரைந்துவிடும். தெர்மோகோலில் யானை செய்தவர்கள் முதலில் நீரில் கரையும் எமல்ஷனைத் தூரிகையால் இரண்டு முறை இடைவெளி இல்லாமல் பூசி, காயவிட்டு, அதன் பிறகே டப்பாவைத் தொடலாம். ஓர் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் லாக்கர் அதன் வழியே உள்ளே புகுந்து குடைந்துவிடும். ஃபோம் ஷீட் எனப்படும் பி.வி.சி. பலகை இதைத் தாங்குகிறது, ஆனால் ஒரேயடியாக நனைத்தால் மெல்லிய பலகை வளையும். அட்டை, பிளைவுட் இரண்டும் பெயிண்டைக் குடிக்கும், ஆகவே பட்டியும் பிரைமரும் இல்லாமல் ஆகாது. எதுவானாலும் வெட்டி எறிந்த துண்டு ஒன்றில் முதலில் அடித்துப் பார்ப்பதே முறை. பழைய பிளாஸ்டிக் ஸ்பூன்கூட இந்தச் சோதனைக்கு நல்லது. வளைவில் பெயிண்ட் எப்படி ஓடுகிறது என்று அது காட்டிக் கொடுக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறும் இன்னொரு விஷயம் இருக்கிறது. லாக்கர் நன்கு உலர்ந்த பிறகு அதன் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடிக்கக்கூடாது. அடித்தால் அடிப் படலம் வெந்த பால் ஆடை போலச் சுருங்கிப் போகும். பிரைமர் ஒரு இனம், நிறம் ஒரு இனம், மேல் வார்னிஷ் இன்னொரு இனம் என்று கலந்து வாங்காமல், முடிந்தவரை மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே இனமாக வாங்குவது புத்திசாலித்தனம்.

ரயிலிலும் விமானத்திலும் ஆகாது

வேண்டிய நிறம் பாலக்காட்டிலோ மூணாறிலோ கிடைக்காதபோது கோவைக்கோ தேனிக்கோ போகிறார்கள். திரும்பி வரும்போது டப்பாவைப் பையில் போட்டு ரயிலில் ஏறுவது சட்டப்படி குற்றம். தீப்பற்றும் பொருட்களைப் பயணிகள் ரயிலில் கொண்டுவருவதை 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் தடுக்கிறது. அதன் 164-வது பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் தருகிறது. பட்டாசுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மட்டுமே இந்தச் சட்டம் என்று நினைப்பவர்கள் டப்பாவில் அச்சிட்டிருக்கும் தீச்சுவாலைப் படத்தைப் பார்க்க வேண்டும். பிடிபடுவது இருக்கட்டும். நெரிசலான பெட்டியில் மூடி கழன்று பொத்தான் அழுந்தினால் அருகிலிருப்பவர் கதி என்ன?

வளைகுடாவில் இருக்கும் மாமாவிடம் ‘தாமியா டப்பா வாங்கி வாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவதும் இதே கதைதான். குளியலறை வாசனை ஸ்பிரேக்கு விமானத்தில் அளவோடு அனுமதி உண்டு. பெயிண்ட் ஸ்பிரேக்குக் கைப்பையிலும் இடமில்லை, சரக்குப் பெட்டியிலும் இடமில்லை. அவர் விமான நிலையத்தில் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடுதான் வருவார்.

மஞ்சள் முதலில், சிவப்பு பிறகு

கே.எஸ்.ஆர்.டி.சி.யின் சிவப்பு-மஞ்சள் பஸ்தான் பெரும்பாலோர் எடுக்கும் முதல் மாடல். பார்க்க எளிது, அடிக்கக் கடினம். மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதை மறைக்கும் சக்தி குறைந்த நிறங்கள். சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் அடித்தால் பச்சை ஓடிய அழுக்கு மஞ்சளாகத் தெரியும். ‘இன்னும் ஒரு கோட், இன்னும் ஒரு கோட்’ என்று அடித்துத் தடித்துப் போவது இதனால்தான். வெள்ளை பிரைமர் அடித்துவிட்டால் இரண்டு மெல்லிய கோட்டில் மஞ்சள் பளிச்சென்று வந்துவிடும்.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. மஞ்சளை அடித்து, ஒரு நாள் முழுதும் காயவிட்டு, மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தைப் பேப்பர் டேப்பால் மூடி, பிறகு சிவப்பு அடிக்க வேண்டும். பார்சல் ஒட்டும் பளபள டேப் கூடாது. அது பெயிண்டையே உரித்துக்கொண்டு வரும். டேப் ஒட்டியதும் விளிம்பை நகத்தால் அழுத்தி, அதன் மேல் மறுபடி மஞ்சளையே மெல்லிசாக ஒரு முறை ஊதினால், டேப்புக்கு அடியில் இருக்கும் நுண்ணிய இடுக்குகளை அந்த மஞ்சள் அடைத்துவிடும். பிறகு வரும் சிவப்புக்குக் கசிய வழி இருக்காது. கத்தியால் கீறியது போன்ற கோடு கிடைக்கும். பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் பழைய பெயிண்டர்கள் கையாளும் உபாயம் இது. டேப்பை உரிப்பது பெயிண்ட் கல்லாகக் காய்ந்த பிறகு அல்ல. தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், டேப்பைப் பின்புறமாக மடித்து, அதன் மேலேயே சாய்த்து மெல்ல இழுக்க வேண்டும்.

ஜன்னல் கண்ணாடிக்கான பிளாஸ்டிக் தாளை பெயிண்ட் வேலை முழுதும் முடிந்த பிறகே ஒட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் முதலில் ஒட்டிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு.

எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இருக்கிறது. வாகனங்களின் நிறம் நிலையானது அல்ல. கேரளத் தனியார் பஸ்களுக்கு 2018-ல் நகர பஸ் பச்சை, ஆர்டினரி நீலம், லிமிடெட் ஸ்டாப் மெரூன் என்று வண்ணம் வகுத்தபோது, ஒவ்வொரு முதலாளியும் தன் பஸ்ஸுக்கு ஆசையாக வைத்திருந்த நிறம் சாலையிலிருந்து மறைந்தது. 2022 அக்டோபர் 5-ந் தேதி இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த டூரிஸ்ட் பஸ், கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் மீது மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகு டூரிஸ்ட் பஸ்களுக்கு வெள்ளை நிறம் கண்டிப்பாக அமல்படுத்தப்பட்டது. பக்கவாட்டில் சிங்கமும் சினிமா நட்சத்திரமும் தீட்டிய பஸ்கள் மாடல்களில்தான் ஓடின. மலைச் சாலையில் பிள்ளைகளின் உயிரைவிடச் சிங்கப் படம் பெரிதல்ல, அதில் வாதமில்லை. மாடல் செய்கிறவருக்கு அதன் வர்ணத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டிய கஷ்டம் மட்டும்தான்.

தமிழகத்துப் பக்கமும் இதே கதை. 1972-ல் தொடங்கிய சேரன், பாண்டியன் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்கள் 1997-ல் பஸ்களிலிருந்து நீங்கின. பொள்ளாச்சி வழியாகவும் போடி வழியாகவும் இந்த பஸ்களில் ஊருக்குப் போய் வந்த பெரியவர்கள் எல்லைக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். பேரன் ‘சேரன்’ பஸ் செய்து காட்டினால் முதலில் அவர்கள் சொல்வது நிறத்தைப் பற்றியே. பாலக்காடு-பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதை 2008-ல் மூடப்பட்டு 2015-ல் அகலப்பாதையாகத் திரும்பியது. மதுரை-போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்று, 2023 ஜூன் மாதம் அகல ரயிலாகப் போடிக்கு வந்து சேர்ந்தது. இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் செங்காவிப் பெட்டிகளைத் தெரியாது. மூணாறின் குண்டளை ரயிலோ 1924 பெருவெள்ளத்தோடு போய்விட்டது. மிஞ்சியது கறுப்பு-வெள்ளைப் படங்கள், அவை நிறம் சொல்லா.

பழைய கலர் போட்டோவை நம்பி நிறம் தேர்ந்தெடுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஆல்பத்தில் கிடந்த பழைய கலர்ப் படங்கள் பல நாளடைவில் சிவப்பேறிப் போகின்றன. நீலம் மங்கி, வெள்ளை இளஞ்சிவப்பாகத் தெரியும். படத்தில் நிச்சயமாக வெள்ளை என்று தெரிந்த பொருள் ஒன்றைப் பார்த்து, ஒருவர் சட்டையோ சுவரோ, அது எவ்வளவு சிவந்திருக்கிறது என்று கணக்கிட்டு மற்ற நிறங்களை ஊகிக்க வேண்டும். இன்னொன்று, ஒரே நிறம் சிறிய பொருளின் மேல் அடர்த்தியாகத் தோன்றும். நிஜ பஸ்ஸின் மெரூனை அப்படியே மாடலுக்கு அடித்தால் கறுத்துப் போனது போல் இருக்கும். கடையில் இரண்டு சாயல் இருந்தால் ஒரு படி வெளிர் சாயலை எடுப்பது நல்லது.

நாள் பார்த்து அடிக்க வேண்டும்

ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் கை ஜில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. லாக்கரும் அப்படியே. தின்னரும் வாயுவும் ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர்த்துளியாகப் பெயிண்டுக்குள்ளேயே படிகிறது. அதுதான் பால் தெளித்தது போன்ற வெளுப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறு, பீர்மேடு பக்கங்களில் காற்றே நனைந்து கிடக்கிறது. அந்த மாதங்களில் வெட்டுங்கள், ஒட்டுங்கள், பட்டி போட்டுத் தேய்த்து வையுங்கள். டப்பாவைத் தொட வேண்டாம். பளபளப்பைக் குறைக்கும் மேட் வார்னிஷ் ஈரத்தில் இன்னும் மோசம். முடிந்த மாடலின் மேல் பனி மூடியது போலாகி, அவ்வளவு வேலையும் வீணாகும்.

மூணாறில் டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிந்த நாட்களில், பனி விலகிய பிறகு, சுமார் 11 மணியிலிருந்து 2 மணி வரை நல்ல நேரம். டப்பா குளிர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து துளி பெரிதாக விழும். வெதுவெதுப்பான, கை வைத்தால் சுகமாக இருக்கும் தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தித் துடைத்து எடுத்தால் சரியாகும். அடுப்பருகே காட்டுவதோ கொதிநீரில் போடுவதோ குண்டைச் சுட வைப்பதற்குச் சமம். டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக்கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். மழை மறைவில் இருக்கும் மறையூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மூணாறு நண்பர் அவசரமாக பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் மாடலைத் தூக்கிக்கொண்டு மறையூருக்கு பஸ் ஏறுவது அப்படியொன்றும் கிறுக்குத்தனம் அல்ல.

சித்தூர் தாலுகாவின் கிழக்கே பிரச்சினை தலைகீழ். பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30, 40 கிலோ மீட்டர் அகலமுள்ள வாசல். கார்த்திகை பிறந்தால் கிழக்குக் காற்று அதன் வழியே புழுதியோடு பாய்கிறது. பெயிண்டில் பாதி பக்கத்து வீட்டு வேலிக்குப் போகிறது, மீதியில் மண் ஒட்டுகிறது. மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் துளி மாடலைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து பொடியாக விழுகிறது. தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும். இங்கே கோடையில் காலை 7 மணியிலிருந்து 9 மணி வரைதான் பெயிண்ட் நேரம். பெரிய டி.வி. அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, உள்ளே மாடலை வைத்து அடித்தால் புழுதியும் வீணாவதும் குறையும். மாலையில் அடித்தால் விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் பெயிண்டில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

லயத்து வீட்டில் வேண்டாம்

பெயிண்ட் வீணானால் காசு போகும், அவ்வளவுதான். இது வேறு. தோட்டத்து லயங்களில் சமையலும் படுக்கையும் அடுத்தடுத்து இருக்கின்றன. வெளியே மழை, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பையன் பெயிண்ட் அடிக்கிறான். அம்மா அடுப்பைப் பற்ற வைக்கிறாள். தள்ளும் வாயுவும் தின்னர் ஆவியும் காற்றைவிடக் கனமானவை. மேலே போய்ப் புகை போலக் கலையாமல் தரையோடு ஊர்ந்து, கட்டிலுக்கு அடியிலும் அடுப்பங்கரைக்கும் போகும். ஒரு தீக்குச்சி போதும். சாமி விளக்கும் போதும். கொசு அடிக்கும் மின்சார மட்டையின் பொறிகூடப் போதும்.

தீ ஒருபுறமிருக்க, மூச்சுக்கும் கேடு. டொலுவின், சைலீன் போன்ற தின்னர்கள் மூடிய அறையில் தலைவலி, மயக்கம், வாந்தி வரவழைக்கும். நாள்பட்டால் நரம்புக்கும் ஆகாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் இந்த வாசனையே இருக்கக்கூடாது. கொரோனா காலத்து துணி மாஸ்க்கையோ என்-95 மாஸ்க்கையோ மாட்டிக்கொண்டு தைரியமாக அடிப்பவர்கள் உண்டு. அவை துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்கா. ஆவியைப் பிடிக்கக் கரி வடிகட்டி பொருத்திய மாஸ்க் வேண்டும், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வாசனை தெரிய ஆரம்பித்தால் அதன் வடிகட்டி தீர்ந்தது என்று பொருள். எந்த மாஸ்க் மாட்டினாலும் திறந்த வெளிக்கு ஈடில்லை. முற்றம், மொட்டை மாடி, கிரவுண்டின் ஓரம், எதுவானாலும் சரி. அடித்த பிறகு காயும் மாடலும் மணிக்கணக்கில் ஆவி விடும். அதையும் படுக்கையறை அலமாரியில் வைக்காமல், திண்ணையில் கவிழ்த்த பெட்டிக்குள், அடியில் சிறு கல் கொடுத்துக் காற்றுப் போக விட்டு, காய வைக்க வேண்டும். கோழி ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாடலைத் தம்பி தங்கைக்கு விளையாடக் கொடுப்பதாக இருந்தால் இன்னொரு கவனம். வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. வாகனப் பட்டறைக்கென்று விற்கும் பெயிண்டுகளை அந்த விதியை நம்பி வாங்க முடியாது. வாயில் வைக்கும் வயதுக் குழந்தை கையில் அதைக் கொடுக்காமலிருப்பதே நலம்.

கை ஓட்டம்

அடிக்கும் முன் மாடலைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட வேண்டும். நம் வீடுகளில் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் விரல் வழியே மாடலுக்கு வந்துவிடுகிறது. எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காமல் விலகி, மீன் கண் போல வட்ட வட்டமாகக் குழி விழும். அது விழுந்த பிறகு மேலே எத்தனை கோட் அடித்தாலும் மறையாது.

குண்டின் சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். அரை நிமிடத்தில் கை வலித்து நிறுத்துபவர்களுக்கு முதலில் தின்னரும் கடைசியில் களியும்தான் வரும். மாடலுக்கும் டப்பாவுக்கும் ஒரு சாண் இடைவெளி, அதாவது 20, 25 சென்டிமீட்டர். பொத்தானை மாடலுக்கு வெளியே அழுத்தி, ஒரே வேகத்தில் மாடலைக் கடந்து, அந்தப் பக்கம் வெளியே போன பிறகே விட வேண்டும். மாடலின் மேலேயே அழுத்தித் தொடங்கினால் அந்த இடத்தில் கொழகொழவென்று கட்டிவிடும். முதல் கோட் புகை படிந்தது போல, அடியில் இருப்பது தெரிகிற அளவுக்கு மட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. முதல் கோட்டிலேயே பளபளப்புக்கு ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் பெயிண்ட் ஒழுகிக் கண்ணீர்க் கோடு விழுகிறது.

ஒழுகிவிட்டால் துடைக்கக்கூடாது. துடைத்தால் அடி வரை போய்விடும். அப்படியே விட்டு, இரண்டு நாள் காய்ந்த பிறகு 800, 1000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மேட்டை மட்டும் தேய்த்துச் சமன் செய்து, மெல்லிய கோட் ஒன்று அடித்தால் மறைந்துவிடும். ஈரத்தில் வெளுத்த லாக்கருக்கும் பரிகாரம் உண்டு. வெயில் தெளிந்த நாளாகப் பார்த்து அதே பெயிண்டை மிக மெல்லிசாக ஊதினால், புதிய தின்னர் பழைய படலத்தை இளக்கி உள்ளே அடைபட்ட ஈரத்தை வெளியே விடும். பல சமயம் பழைய நிறம் திரும்பிவிடும். சுருங்கிப் போன பெயிண்டுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. முழுதும் தேய்த்து எடுத்துவிட்டு, பிரைமரிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும் வரை ஒரு கணம் அழுத்த வேண்டும். மூக்கில் தங்கிய பெயிண்ட் வெளியேறிவிடும். அப்படியும் அடைத்துக்கொண்டால், டப்பாவிலிருந்து மூக்கைக் கழற்றித் தின்னரில் போட்டு வைக்கலாம். டப்பாவிலேயே வைத்து ஊசியால் குத்தினால் பெயிண்ட் முகத்தில் அடிக்கும்.

தீர்ந்துபோன டப்பாவிலும் கொஞ்சம் வாயு மிச்சமிருக்கும். குப்பையோடு போட்டு எரித்தால் வெடிக்கும். மார்கழிக் குளிரில் லயத்து வாசலில் குப்பை கூட்டித் தீ மூட்டிக் குளிர் காயும் இடங்களில் இது கவனத்துக்குரியது. ஆணியால் துளை போடுவதும் கூடாது. திறந்த வெளியில் சத்தம் நிற்கும் வரை அழுத்தி வாயுவை வெளியேற்றிவிட்டு, ஹரித கர்ம சேனைக்காரர்கள் வரும்போது மற்ற பிளாஸ்டிக்கோடு கலக்காமல், ‘இது பெயிண்ட் டப்பா’ என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும்.